"அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா"

2018ஆம் ஆண்டு மே மாதம். காலை ஆறரை மணிக்கு என் மகன் வழக்கம் போல வெள்ளைச் சேட்டும் நீலக் காற்சட்டையும் போட்டு, புத்தகப் பையைத் தோளில் கொழுவிக்கொண்டு வீட்டை விட்டுப் போனான். பகல் இரண்டு மணிக்குத் திரும்பி வந்தான். சோறு சாப்பிட்டான். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. ஒன்பது நாட்கள் அவன் பாடசாலைக்குப் போகவே இல்லை என்பது எனக்குத் தெரியாது.

பத்தாம் நாள், பாலத்தடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் ராத்தா என் வேலிக்கு வந்து நின்றார். "புள்ள, கோவிக்காத. உன்ட மகன் ஒவ்வொரு நாளும் பாலத்துக்குக் கீழ களப்பைப் பாத்துக்கிட்டுக் குந்தி இருக்கான். ஸ்கூலுக்குப் போறல்ல போல" என்றார்.

இறக்கக்கண்டியைத் தெரிந்தவர்களுக்கு அந்த இடம் தெரியும். நிலாவெளியைத் தாண்டிக் குச்சவெளிப் பக்கம் போகும்போது களப்பு கடலோடு சேரும் வாய். ஒரு பக்கம் உல்லாச விடுதிகள். மறு பக்கம் வள்ளங்கள், வலைகள், எங்களைப் போன்றவர்களின் வீடுகள். அந்தப் பாலத்தின் நிழலில்தான் என் பிள்ளை ஒன்பது நாளும் தன் சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்துச் சாப்பிட்டிருக்கிறான்.

அன்று பின்னேரம் அவனைக் கேட்டேன். நெடு நேரம் பேசாமல் இருந்தான். பிறகு நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்: "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாத்தான் வகுப்புக்குள்ள விடுவினமாம்."

சகோதரிகளே, என் கணவர் 2007ஆம் ஆண்டு தை மாதம் திருகோணமலை நகரத்துக்கு வலைச் சாமான் வாங்கப் போனவர். இன்று வரை வரவில்லை. அப்போது என் மகனுக்கு இரண்டு வயது. கடல் பொங்கி வந்த 2004 மார்கழியில் அவன் மூன்று மாதக் கைக்குழந்தை. கடலிடமிருந்து காப்பாற்றிக் கொண்டு ஓடிய தகப்பனை, பிள்ளைக்கு முகம் நினைவு வரும் முன்பே இழந்துவிட்டோம். அந்தப் பிள்ளையிடம் "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்றால் அவன் எங்கே போவான்? பாலத்துக்குக் கீழேதான் போவான்.

நான் போய் நின்ற அன்று

அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் பாடசாலைக்குப் போனேன். அது எந்தப் பாடசாலை என்று நான் எழுதப் போவதில்லை. அங்கே நல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். அப்போது நான் நிலாவெளியில் ஒரு விடுதியில் படுக்கை விரிப்புகள் கழுவும் வேலை செய்தேன். மே மாதம் உல்லாசப் பயணிகள் வரும் காலம். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி இல்லை. இரண்டு நாள் போகாவிட்டால் அந்த இடத்தில் வேறொருவர்.

காரியாலயத்து வாசலில் ஒன்றரை மணித்தியாலம் நின்றேன். பிறகு நடைபாதையிலேயே கதைத்தார்கள். என் மகன் வகுப்பில் இன்னொரு பிள்ளைக்கு அடித்து விட்டானாம். உதடு வெடித்து, இரண்டு தையல் போட்டதாம். "இப்படிப்பட்ட பிள்ளையை வைச்சுக்கொண்டு மற்றப் பிள்ளையளுக்கு நாங்கள் எப்பிடிப் பாதுகாப்புக் குடுக்கிறது? கொஞ்ச நாளைக்கு வீட்டில வைச்சிருங்கோ. பிறகு பாப்பம்" என்றார்கள்.

"எவ்வளவு நாளைக்கு, சேர்?" என்று கேட்கக்கூட எனக்கு நா எழவில்லை. என் பிள்ளை பிழை செய்துவிட்டான் என்ற வெட்கம் என்னை மூடிவிட்டது. தகப்பன் இல்லாத பிள்ளையை ஒழுங்காக வளர்க்கவில்லை என்று அவர்கள் நினைக்கிறார்களே என்ற வெட்கம் அதைவிடப் பெரிது. தலையைக் குனிந்தபடி திரும்பினேன்.

வெளியே வரும்போது அங்கு வேலை செய்யும் ஒருவர் இரக்கத்தோடு சொன்னார்: "அக்கா, வேற பள்ளிக்கூடம் பாக்கிறது நல்லது. விடுகைப் பத்திரம் வேணுமெண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. கெதியா எடுத்துத் தருவம்." கடிதத்தை எப்படி எழுத வேண்டும் என்று ஒரு தாளில் குறித்தும் தந்தார். நான் அதை ஒரு உதவி என்றே நினைத்தேன். மடித்து என் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தேன்.

கரைவலைக் காசு

வீட்டில் சும்மா இருக்கும் 13 வயதுப் பையனை இறக்கக்கண்டிக் கரை சும்மா விடாது. கச்சான் காற்றுக் காலத்தில் எங்கள் பக்கக் கடல் அமைதியாக இருக்கும். கரைவலை இழுக்க எப்போதும் ஆள் தேவை. மூன்றாம் நாளே ஒரு கரைவலைக்காரர் கூப்பிட்டார். பின்னேரம் வந்து என் கையில் 500 ரூபாவும் ஒரு கோர்வை மீனும் தந்தான்.

உண்மையை மறைக்காமல் எழுத வேண்டும் என்றால், அன்று எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. கடையில் இருந்த கடனில் ஒரு பகுதியைக் கொடுத்தேன். மாவும் தேங்காயும் வாங்கினேன். அடுத்த வாரமும் காசு வந்தது. அதற்கு அடுத்த வாரமும் வந்தது. "கொஞ்ச நாள்" என்று அவர்கள் சொன்னது எப்போது முடியும் என்று நான் கேட்கவே இல்லை. அவனும் கேட்கவில்லை. உள்ளங்கை தடித்துக் காய்த்துப் போனது. இரவில் புத்தகத்தைத் திறப்பதும் நின்றுவிட்டது.

எங்கள் பிள்ளைகள் பாடசாலையை விட்டுப் போவது பெரும்பாலும் இப்படித்தான். "உன் பிள்ளையை நீக்கிவிட்டோம்" என்று யாரும் சொல்வதில்லை. "கொஞ்ச நாள் நிக்கட்டும்" என்பார்கள். அந்தக் கொஞ்ச நாளுக்குள் கடல் வந்து கூப்பிடும், விடுதி கூப்பிடும், மேசன் வேலை கூப்பிடும். பெண் பிள்ளை என்றால் வீட்டு வேலை கூப்பிடும், இல்லாவிட்டால் ஒரு கலியாணப் பேச்சு வரும். தகப்பன் இருக்கும் வீட்டில், வசதியுள்ள வீட்டில், இரண்டு வாரம் என்பது இரண்டு வாரமாகவே முடியும். யாராவது போய்ப் பேசுவார்கள், ரியூசனுக்கு அனுப்புவார்கள். எங்கள் வீடுகளில் இரண்டு வாரம் என்பது ஒரு பிள்ளையின் படிப்பின் முடிவு.

"கடிதம் தந்தவையோ?"

ஆனி மாதக் கடைசியில் எங்கள் மாதர் சங்கக் கூட்டம். பிரதேச செயலகத்திலிருந்து சிறுவர் விடயங்களைப் பார்க்கும் பெண் உத்தியோகத்தர் ஒருவர் வந்திருந்தார். "இந்தக் கிராமத்தில பள்ளிக்கூடம் போகாத பிள்ளையள் ஆராவது இருக்கினமா?" என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த மாமிதான் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். "இவட மகன் ஒருத்தன் நிக்கிறான், மிஸ்" என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைக் குறை கூறவில்லை. மூன்று கேள்விகள் மட்டும் கேட்டார்.

"நிப்பாட்டினதெண்டு கடிதம் தந்தவையோ?" இல்லை.

"எத்தனையாம் திகதி திரும்பி வர வேணுமெண்டு சொன்னவையோ?" இல்லை.

"ஏன் அடிச்சனி எண்டு பிள்ளையிட்டக் கேட்டவையோ?" அதற்கும் என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால், சகோதரிகளே, நானும் அதுவரை என் பிள்ளையிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

பிறகு நான் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த அந்தத் தாளைக் காட்டினேன். அவர் வாசித்துவிட்டுச் சொன்னார்: "நல்ல காலம், அக்கா, நீங்கள் இதை எழுதிக் குடுக்கேல்ல. இதில நீங்கள் கையெழுத்து வைச்சா, பள்ளிக்கூடம் பிள்ளையை விலக்கினதா இருக்காது. நீங்களே விரும்பி விலக்கினதாத்தான் பதிவில இருக்கும். பிறகு ஒருதரிட்டயும் போய்க் கேக்கேலாது."

எனக்குக் கை நடுங்கியது. எழுத வராத காரணத்தால்தான் நான் அந்தக் கடிதத்தை எழுதாமல் வைத்திருந்தேன். என் படிப்பின்மை அன்று ஒரு தடவை என் பிள்ளையைக் காப்பாற்றியது. ஆனால் எல்லா முறையும் அப்படி நடக்காது.

அன்றே சங்கத்தின் செயலாளர் எனக்காக ஒரு கடிதம் எழுதினார். அதில் கோபமான ஒரு வார்த்தையும் இல்லை. மகன் இன்ன திகதியிலிருந்து வகுப்பில் அனுமதிக்கப்படவில்லை, அதற்கான காரணத்தையும் காலத்தையும் எழுத்தில் தரும்படியும், மகனின் பக்கத்தையும் கேட்கும்படியும் பணிவுடன் வேண்டுகிறேன் என்று மட்டும் இருந்தது. ஒரு பிரதியை வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்பினோம். மற்றப் பிரதியில், பாடசாலையில் பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்கி வீட்டில் வைத்தேன்.

விசாரணையில் தெரிந்தது

பத்து நாட்களுக்குள் கூப்பிட்டார்கள். அதிபர், இரண்டு ஆசிரியர்கள், அந்த உத்தியோகத்தர், நான், அடிபட்ட பிள்ளையின் தாய். இந்த முறை எனக்குக் கதிரை தந்தார்கள்.

அதிபர் என் மகனிடம் கேட்டார்: "ஏன் தம்பி அடிச்சனி?"

நீண்ட நேரத்துக்குப் பிறகு சொன்னான். அன்று அவன் தலைமயிர் வெட்டாமல் போயிருக்கிறான். மயிர் வெட்ட நான் காசு கொடுக்கவில்லை, அது என் பிழை. வகுப்பாசிரியர் எல்லோருக்கும் முன்னால் எழுப்பி, "நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்றிருக்கிறார். அப்போது பின் வாங்கில் இருந்த பிள்ளை சிரித்து, "இவன்ர அப்பாவை எங்க போய்த் தேடிக் கூட்டிக்கொண்டு வாறது?" என்றிருக்கிறான். வகுப்பே சிரித்தது. இடைவேளையில் இவன் அவனுக்கு அடித்துவிட்டான்.

அந்த அறையில் ஒருவரும் பேசவில்லை. வகுப்பாசிரியர் வேறு மாவட்டத்திலிருந்து அந்த வருடம்தான் மாற்றலாகி வந்தவர். அவருக்கு எங்கள் கதை தெரியாது. தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "எனக்குத் தெரியாது, அம்மா. தெரிஞ்சிருந்தா அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டன்" என்றார். அவரை நான் நம்பினேன். எல்லா ஆசிரியர்களும் வழக்கமாகச் சொல்லும் ஒரு வசனம்தான் அது. யுத்தம் நடந்த ஊரில் அந்த வசனம் எப்படி வெட்டும் என்று யாரும் நின்று யோசிக்கவில்லை.

அடிபட்ட பிள்ளையின் தாயைப் பற்றியும் நான் சொல்ல வேண்டும். அவரும் என்னைப் போல உப்புக் காற்றில் வற்றிய பெண்தான். "என்ர பிள்ளை ரெண்டு நாள் சாப்பிட முடியாமல் கிடந்தவன்" என்று அழுதார். அவருடைய அழுகையும் நியாயமானது. ஒழுக்க விதிகள் என்பவை அவருடைய பிள்ளையையும் காப்பதற்காகத்தான் இருக்கின்றன. என் மகன் செய்தது பிழைதான். ஆனால் அவனை இரண்டு மாதம் வீட்டில் வைத்திருந்ததால் அந்தத் தாய்க்கு என்ன கிடைத்தது? ஒரு மன்னிப்புக்கூடக் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஓட்டோக் கூலியும் கிடைக்கவில்லை.

அன்று அது இரண்டும் நடந்தது. என் மகன் அந்தப் பிள்ளையிடமும் தாயிடமும் மன்னிப்புக் கேட்டான். மற்றப் பிள்ளையும் தான் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்டான். ஓட்டோக் கூலியைக் கரைவலைக் காசிலிருந்தே கொடுத்தோம். இரண்டு வாரம் பாடசாலை முடிந்த பின் நூலகத்தைத் துப்புரவாக்குவது என்று அவனுக்கு ஒரு பொறுப்பும் கொடுத்தார்கள். அதுவும் தண்டனைதான். அந்தத் தண்டனையை அவன் பாடசாலைக்குள் நின்று அனுபவித்தான். என் கண்ணில் வித்தியாசம் அதுதான்.

அதற்குப் பிறகு அந்தப் பாடசாலையில் "வீட்டிலிருந்து பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வா" என்று சொல்லத் தொடங்கினார்கள். ஒரு வார்த்தையை மாற்றுவதற்கு அரசாங்கம் காசு செலவழிக்கத் தேவையில்லை.

41 நாட்கள்

அவன் இழந்த பாடசாலை நாட்களை நான் பிறகு கலண்டரில் எண்ணிப் பார்த்தேன். 41 நாட்கள். அந்த நாட்களில் கணித பாடத்தில் சமன்பாடுகள் படிப்பித்திருக்கிறார்கள். அந்த ஓட்டை மூடவே இல்லை. கொரோனாவால் பிந்தி 2021 மார்ச்சில் நடந்த சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறிவிட்டது. 2022ஆம் ஆண்டு மே மாதம், பெற்றோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற நேரத்தில், இரண்டாம் முறை எழுதிச் சித்தியடைந்தான். இப்போது மின் இணைப்பு வேலை பழகி அதையே தொழிலாகச் செய்கிறான். கரைவலை இழுப்பது கேவலமான தொழில் என்று நான் சொல்லவில்லை. அவனுடைய தகப்பனின் தொழில் அது. ஆனால் அதை ஒரு மனிதன் தானாக விரும்பிச் செய்ய வேண்டும். நடைபாதையில் யாரோ சொன்ன அரைகுறை வார்த்தையால் 13 வயதில் அங்கே போய் விழக் கூடாது.

அவனோடு கரைவலை இழுத்த இரண்டு பிள்ளைகள் திரும்பிப் போகவே இல்லை. அவர்களுக்காகக் கடிதம் எழுத யாரும் இருக்கவில்லை.

சட்டமும் சுற்றறிக்கையும் என்ன சொல்கின்றன?

இவற்றை நான் சங்கத்தின் மூலமாகப் பின்னரே அறிந்துகொண்டேன். முன்பே தெரிந்திருந்தால் 41 நாட்கள் ஒன்பது நாட்களாகக் குறைந்திருக்கும். ஆகவே இங்கு எழுதுகிறேன்.

எமது நாட்டில் பிள்ளை பாடசாலைக்குப் போவது கட்டாயம். 1997ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஒழுங்குவிதி 5 வயது முதல் 14 வயது வரை என்று கூறியது. 2016ஆம் ஆண்டு அது 16 வயது வரை உயர்த்தப்பட்டது. பிள்ளையை அனுப்பாத பெற்றோரை இந்தச் சட்டம் கேள்வி கேட்கும் என்பது எமக்குத் தெரியும். ஆனால் பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டிய வயது அது என்பதையும் அதே சட்டம்தான் சொல்கிறது. அனுப்பாத தாயிடம் கேட்கக்கூடிய கேள்வியை, எடுக்காத பாடசாலையிடமும் பணிவாகக் கேட்கலாம்.

பாடசாலை ஒழுக்கம் பற்றிக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டு 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையையும், 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையையும் வெளியிட்டது. பிள்ளையை அடித்துத் தண்டிக்கக் கூடாது என்பது இரண்டிலும் உள்ளது. இது வெறும் கடதாசி அல்ல. 2017ஆம் ஆண்டு மாத்தறை மாவட்டத்தில் ஆசிரியர் ஒருவர் கன்னத்தில் அறைந்ததால் ஒரு மாணவனின் காது கேட்கும் திறன் பாதிக்கப்பட்டது. பெற்றோர் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். 2021ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் திகதி, அந்தப் பிள்ளையின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் செலுத்த வேண்டும் எனக் கட்டளையிட்டது. மாத்தறையில் ஒரு சிங்களத் தாயும் தகப்பனும் பெற்ற தீர்ப்பு அது. அது இறக்கக்கண்டிப் பிள்ளைக்கும் பொருந்தும்.

இலங்கை 1991ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தில் இரண்டு உறுப்புரைகளை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். 28ஆம் உறுப்புரை, பாடசாலை ஒழுக்கம் பிள்ளையின் மனித கௌரவத்துக்கு ஏற்றவாறு நடைமுறைப்படுத்தப்பட வேண்டும் என்கிறது. 12ஆம் உறுப்புரை, பிள்ளையைப் பாதிக்கும் முடிவு எடுக்கும்போது பிள்ளையின் கருத்தையும் கேட்க வேண்டும் என்கிறது. "ஏன் தம்பி அடிச்சனி?" என்ற அந்த ஒரு கேள்விதான் இது.

மற்ற நாடுகளில்

எங்களுக்கு மட்டும் உள்ள பிரச்சினை அல்ல இது. 1971ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில், குழப்பங்கள் நடந்த நேரத்தில் பல மாணவர்களை விசாரணை இல்லாமல் பாடசாலையிலிருந்து நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவன், சாப்பாட்டு மண்டபத்தில் நடந்த குழப்பத்தில் தனக்குப் பங்கில்லை என்று சொன்னான். கேட்பதற்கு ஆள் இல்லை. வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. பத்து நாளோ அதற்குக் குறைவாகவோ நிறுத்தினாலும்கூட, என்ன குற்றம் என்று பிள்ளைக்குச் சொல்ல வேண்டும், அவன் மறுத்தால் அவன் பக்கத்தைச் சொல்ல இடம் கொடுக்க வேண்டும் என்று 1975ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் ஐந்துக்கு நான்கு என்று பிரிந்து நின்றார்கள். மயிரிழையில் கிடைத்த நீதி.

எங்கள் உறவுகள் வாழும் இங்கிலாந்தில், பிள்ளையை நிறுத்தினால் தலைமையாசிரியர் காரணத்தையும் காலத்தையும் தாமதமின்றிப் பெற்றோருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஒரு கல்வியாண்டில் மொத்தம் 45 பாடசாலை நாட்களுக்கு மேல் நிறுத்த முடியாது. ஐந்து நாட்களுக்கு மேல் தொடர்ந்து நிறுத்தினால் ஆறாம் நாளிலிருந்து வேறு இடத்தில் படிப்புக்கு ஒழுங்கு செய்ய வேண்டும். அயல் நாடான இந்தியாவில், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு வரையான ஆரம்பக் கல்வியை முடிக்கும் வரை எந்தப் பிள்ளையையும் பாடசாலையிலிருந்து நீக்கக் கூடாது என்று கூறுகிறது. உடல் தண்டனையையும் மன வேதனை கொடுப்பதையும் அதே சட்டம் தடை செய்கிறது.

அங்கெல்லாம் பிள்ளைகள் குழப்படி செய்யாதவர்கள் என்பதல்ல. நிறுத்துவதற்கு ஒரு கடிதமும், ஒரு திகதியும், ஒரு கேள்வியும் வேண்டும் என்று அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியவை

உங்கள் பிள்ளையை "வர வேண்டாம்" என்று சொன்னால், தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள்.

முதலில் பிள்ளையை அடிக்காமல், ஏசாமல், என்ன நடந்தது என்று கேளுங்கள். நான் ஏழு வாரம் பிந்திக் கேட்டேன்.

தனியாகப் போகாதீர்கள். அயலில் ஒருவரை, சங்கத்தில் ஒருவரை, பள்ளிவாசலிலோ கோயிலிலோ பொறுப்பில் உள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆண் ஒருவர்தான் வர வேண்டும் என்பதில்லை. தாய் பாதுகாவலர்தான். தாயின் கையெழுத்துக்குத் தகப்பனின் கையெழுத்தின் பெறுமதி உண்டு.

காரணத்தையும் திரும்பி வரும் திகதியையும் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் நீங்களே ஒரு கடிதம் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

விடுகைப் பத்திரம் கேட்டு எதையும் அவசரத்தில் எழுதிக் கொடுக்காதீர்கள். வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வைக்காதீர்கள்.

நிறுத்திய நாட்களில் என்ன படிப்பித்தார்கள் என்று கேட்டு, வகுப்புப் பிள்ளை ஒன்றின் கொப்பியை வாங்கி எழுத வையுங்கள். பிள்ளையைத் தொழிலுக்கு அனுப்பாதீர்கள். அந்த முதல் 500 ரூபா மிகவும் விலை கூடியது.

பாடசாலையில் தீர்வு கிடைக்காவிட்டால் கோட்டக் கல்விப் பணிமனை, பிறகு வலயக் கல்விப் பணிமனை. பிரதேச செயலகத்தில் சிறுவர் விடயங்களுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்தியக் காரியாலயம் திருகோணமலையில் இருக்கிறது. சுற்றறிக்கையின் பிரதி வேண்டுமென்றால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் எழுத்தில் கேட்கலாம்.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரே நாளில் பல வகுப்புகளைச் சமாளிக்கும் உங்கள் கஷ்டம் எங்களுக்குப் புரியும். பிழை செய்த பிள்ளையைத் திருத்துங்கள், தண்டியுங்கள், எங்களைக் கூப்பிடுங்கள். ஆனால் கூப்பிடும் முன் அந்தப் பிள்ளையின் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு முறை விசாரியுங்கள். எங்கள் கரையோரத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் தகப்பன் வர முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண் பிள்ளையை இதே போல நிறுத்தினார்கள். அவளுடைய தாய் என்னிடம் அழுதுகொண்டு வந்தாள். அவளுடைய கண்ணீரைத் துடைக்கும் முன்பே நான் கேட்ட முதல் கேள்வி: "கடிதம் தந்தவையோ?" அடுத்த நாள் காலை நாங்கள் நான்கு பெண்கள் அவளோடு போனோம். காரியாலய வாசலில் நின்றபோது, எங்களைக் கண்டதும் உள்ளே கதிரைகள் எடுத்துப் போட்டார்கள். நான்காம் நாள் அந்தப் பிள்ளை வகுப்பில் இருந்தாள்.

நான் இப்போதும் பின்னேரங்களில் அந்தப் பாலத்தால் நடந்து வருகிறேன். வரும்போது ஒரு முறை கீழே எட்டிப் பார்ப்பேன். பள்ளிக்கூட நேரத்தில் அங்கே வெள்ளைச் சேட்டோடு ஒரு பிள்ளை குந்தி இருக்கிறதா என்று பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது. உங்கள் ஊரிலும் அப்படி ஒரு இடம் இருக்கும். ஒரு மரத்தடி, ஒரு பஸ் தரிப்பிடம், ஒரு மதகு. போகும்போது நீங்களும் எட்டிப் பாருங்கள். பிள்ளை இருந்தால், ஏசாமல் பக்கத்தில் போய் இருந்து கேளுங்கள்.